வர்ற பஸ்ஸுக்கு வைத்திருந்த பாதி

ரத்னாக்கா, என் சண்டைக்காரி,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத் தொடங்குவது வழக்கம். உன்னிடம் அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்கிறேன். களைத்துப்போய் இருக்கிறேன். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, சும்மா அசதி. தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை இது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. துணி ஊறிக்கொண்டிருக்கிறது, அடுப்பில் ஒன்றும் ஏற்றவில்லை. உன் கொழுந்தன் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்கு நாம் யார் என்று சொல்லிவிட வேண்டும். மைக்கைப் பிடித்ததும் நீ அதைத்தானே முதலில் செய்வாய்? ரத்னா என் கணவருடைய அண்ணன் மனைவி. எனக்கு ஓரகத்தி. பாகலூர்க்காரி. வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், சண்டைக்குத் தமிழ். நான் அருப்புக்கோட்டைப் பக்கம். சாமல்பட்டிக் குடும்பம் ஒன்றின் இரண்டு பிள்ளைகள் ஓசூருக்கு வேலைக்கு வந்து, ஆளுக்கொரு திசையில் பெண் கட்டி, மத்திகிரியில் ஒரே வாடகை வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருந்தார்கள். கீழே ரத்னா, மேலே நான். அவள் வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனியில் லைனில் நின்றாள். நான் வேறொரு கம்பெனியில் சோதனை மேஜையில் உட்காருகிறேன். நல்ல பீஸைப் பச்சைப் பெட்டியில் போட வேண்டும், கெட்டதைச் சிவப்புப் பெட்டியில். இரண்டு பேரும் சேர்ந்து வாரம் ஒரு பாட்காஸ்ட் நடத்தினோம். பெயர் ‘ரெண்டு ஓரகத்தி’. ரத்னா போய் எட்டு மாதம் ஆகிறது.

அது தொடங்கிய கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, அக்கா. நீ களி கிண்டி மேலே கொண்டுவந்தாய். நான் ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றேன். கொலைக் குற்றம் செய்துவிட்டவளைப் பார்ப்பது போல் பார்த்தாய்.

“ஏமே, களிய யாராவது மெல்லுவாங்களா? சாத்துல பொரட்டி அப்படியே முழுங்குடி.”

“மாத்திரையாக்கா முழுங்குறதுக்கு? மெல்லாம திங்குறதுக்கு எனக்கு எதுக்குப் பல்லு?”

“பல்லுல ஒட்டிக்கும், அதுக்குத்தான் சொல்றேன். உங்க ஊர்ல எல்லாத்துக்கும் பல்லு நெறைய போல.”

“எங்க ஊருப் பக்கம் வராதக்கா, சொல்லிட்டேன்.”

களியை மெல்லலாமா விழுங்கலாமா என்று அன்றைக்கு நாம் இருபது நிமிடம் கத்தியதை உன் மகள் ஹேமா போனில் பதிந்து வைத்துவிட்டாள். சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டாள். அங்கிருந்து உன் லைன் பெண்களுக்குப் போனது. மூன்றாம் நாள் உனக்கு முன்பின் தெரியாத ஒருத்தி உன்னிடம் வந்து, “அந்த மெல்லுற அக்கா நல்லா இருக்காங்களா?” என்று விசாரித்தாளாம். அதற்குப் பிறகுதான் ஹேமா, “அம்மா, சித்தி, வாரத்துக்கு ஒரு தடவ இந்த மாதிரி சண்ட போடுங்க, நான் ஏத்தி விடறேன்” என்றாள். அவள் காலேஜுக்காகக் கிருஷ்ணகிரியில் ஹாஸ்டல் சேர்ந்ததும் வெட்டுகிற வேலை, ஒட்டுகிற வேலை எல்லாம் என் கைக்கு வந்தது.

எதற்காக ஜனங்கள் நம்மைக் கேட்டார்கள்? உன் காலத்தில் நான் இதை யோசித்ததே இல்லை. நமக்குப் பாட்டு கிடையாது, மேளம் கிடையாது. ஜன்னலில் மெத்தையைச் சாத்தி வைத்துப் பேசுவோம். அப்படியும் வீட்டுக்காரர் மோட்டார் போட்டால் அது கேட்கும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்கும். நிஜமாகவே சண்டையா, நடிப்பா என்று ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜில் கேட்டான். “நெசந்தாம்பா. ஆனா சோறு ஒன்னாதான் திம்போம்” என்றாய் நீ. அதற்கு எத்தனை பேர் சிரித்து அனுப்பினார்கள்! எங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று எழுதியவர்கள்தான் அதிகம். தங்கள் வீட்டுச் சண்டையை அடுத்தவர் வாயில் கேட்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது போலும்.

ஆனால் அது முதல் பாதி. நான் எழுத வந்தது இரண்டாம் பாதியைப் பற்றி.

அரை மணி நேரம் ஆனதும் உன் குரல் மாறிவிடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். சரியாக அந்த நேரத்துக்கு, “சரி, போதும் சண்ட. ஷூவக் கழட்டுங்க. கால நீட்டிக்கோங்க” என்பாய். பிறகு அவசரமே இல்லாமல் பேசுவாய். வாரம் முழுக்க வந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் படிப்பாய். யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்கு இடுப்பு வலி, யார் லீவு கேட்டுக் கிடைக்காமல் அழுதாள் என்று சொல்வாய். பாகலூரில் உன் அம்மா வீட்டு ரோஜாத் தோட்டத்தில் இந்த வாரம் என்ன பூச்சி என்பது வரைக்கும் வரும். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் போய்க் கன்னடத்தில் முடிப்பாய். நடுவில் பேச்சே இருக்காது. உன் மூச்சு மட்டும் கேட்கும். நான் எதிரே உட்கார்ந்து ‘ம்’ கொட்டுவேன்.

எனக்கு அந்தப் பாதி பிடிக்கவே பிடிக்காது. உனக்கே தெரியும். நாளெல்லாம் பீஸைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கிறவள் நான். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவனிடம் ஷூவைக் கழட்டு என்கிறாளே, வீட்டுக்குள் யார் ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று உன்னைக் கேலி செய்வேன். “திரும்பி வர்றவங்களுக்கு அது வேணும்டி” என்று ஒரு தடவை சொன்னாய். எங்கேயிருந்து திரும்பி வருகிறவர்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் அந்த ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். கேட்பவரைக் கட்டிப்போடுவது எப்படி என்று ஒரு தம்பி பாடம் எடுத்தான். முதல் அரை நிமிடத்தில் கொக்கி போட வேண்டும். மூச்சு விடுகிற இடத்தை வெட்ட வேண்டும். எங்கே ஆட்கள் விட்டுப் போகிறார்களோ அங்கே நிறுத்திவிட வேண்டும். ஆட்கள் எங்கே விட்டுப் போகிறார்கள் என்று காட்டுகிற கோடு ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். நம் கோடு அரை மணி நேரம் வரைக்கும் நேராகப் போய், நீ ஷூவைக் கழட்டச் சொல்கிற இடத்தில் பொத்தென்று விழுந்திருந்தது. நாற்பது பேர் கேட்ட எபிசோடில் அதற்குமேல் ஒரே ஒரு ஆள். எல்லா வாரமும் அப்படியே. எனக்குக் கை பரபரத்தது. சிவப்புப் பெட்டியில் போட வேண்டிய பீஸ் அகப்பட்டுவிட்டது.

அந்தக் கடைசி ஞாயிறு மத்தியானம் போனை உன் முகத்துக்கு நேரே நீட்டினேன். நினைவிருக்கிறதா?

“பாருக்கா. நீ இழுத்து இழுத்துப் பேசுறத ஒருத்தரும் கேக்குறதில்ல. எல்லாரும் எந்திரிச்சுப் போறாக.”

நீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டைப் பார்த்தாய். “ஒரு ஆளு இருக்குதில்ல?” என்றாய்.

“ஒரு ஆளுக்காக நான் ராவும் பகலும் காதுல மாட்டிக்கிட்டு ஒக்காரணுமா?”

“ஒக்காரு. என்னா போச்சு?”

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. முதல் பாதியை எப்படியோ பேசி முடித்தோம். நீ கடிகாரத்தைப் பார்த்தாய். சரி, போதும் சண்ட என்று ஆரம்பித்தாய். “நீயே பேசிக்க, எனக்குத் துணி எடுக்கணும்” என்று எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். துணி காய்ந்துகூட இருக்கவில்லை. ஈரத்துணியை எடுத்து மடித்துக்கொண்டு நின்றேன், பார்த்துக்கொள். கீழே இறங்கி வந்தபோது நீ மைக்கைச் சுற்றி டப்பாவில் வைத்திருந்தாய். “முடிச்சிட்டேன். முழுசாப் போடு” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாய்.

நான் முழுசாகப் போடவில்லை. அரை மணி நேரத்தில் வெட்டினேன். மீதியை ஒரு நிமிடம்கூட ஓட்டிக் கேட்கவில்லை. போனில் இடம் இல்லை என்று வந்தது. அழித்தேன். குப்பைத் தொட்டிக்குப் போனதை அங்கே போயும் அழித்தேன். கோபத்தில் செய்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். கோபம்கூட இல்லை. திங்கட்கிழமை சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும், வேலை முடிந்தால் சரி என்று இருந்தது.

திங்கள் சாயங்காலம் நீ கொள்ளுச் சாறு கொண்டுவந்து மேடையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாய். நான் அதைச் சாப்பிட்டேன், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. செவ்வாயும் பேசவில்லை. புதன்கிழமை நீ லைனில் நின்றுகொண்டிருந்தபோதே தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய் என்று போன் வந்தது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். சனிக்கிழமை உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பேசாமல் இருந்த அந்த இரண்டு நாளை நான் என்ன செய்வது, அக்கா? யாரிடம் கொடுத்து மாற்றிக்கொள்வது?

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஹேமா மேலே வந்தாள். பெண் ஒரு சுற்று இளைத்துவிட்டாள். “சித்தி, அம்மா கடைசியாப் பேசினது முழுசா உங்ககிட்ட இருக்கும்ல? வெட்டாதது. அத எனக்குக் குடுங்க” என்றாள்.

“இருக்குடா, தேடி எடுத்துத் தர்றேன்” என்றேன்.

அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. ஒவ்வொரு தடவை ஹாஸ்டலில் இருந்து வரும்போதும் கேட்டாள். ஒரு முறை பழைய போனில் இருக்கிறது என்றேன். ஒரு முறை உன் கொழுந்தன் லேப்டாப்பில் ஏற்றி வைத்திருக்கிறார் என்றேன். அந்த மனிதருக்கு லேப்டாப்பைத் திறக்கவே தெரியாது. ஏழு மாதம் அந்தப் பிள்ளையை இப்படி அலைக்கழித்திருக்கிறேன். அவள் வருகிற சனிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமையே புதுப் பொய் ஒன்றைத் தேடி வைத்துக்கொள்வேன். களைப்பு களைப்பு என்கிறேனே, வேலையால் வந்தது பாதிதான். மீதி இந்தப் பொய்யைத் தூக்கிச் சுமந்து வந்தது.

நிகழ்ச்சியை நான் விடவில்லை. தனியாகப் பேசினேன். வகுப்பில் சொன்னபடியே எல்லாம் செய்தேன். முதல் அரை நிமிடத்தில் கொக்கி, நடுவில் மூச்சுச் சத்தம் கிடையாது, பின்னால் பாட்டு. அரை மணிக்கு ஒரு நிமிடம் மிஞ்சாது. கோடு கடைசி வரைக்கும் நேராக நின்றது. ஆனால் ஒரு ஆள்கூட வாய்ஸ் மெசேஜ் அனுப்பவில்லை. இடுப்பு வலிக்காரி எங்கே போனாள்? குழந்தை பிறந்தவள் எங்கே போனாள்? பிறகு கேட்பவர்களும் வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் கழன்றுகொண்டார்கள். போகட்டும், இதையும் மூடிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையாவது தூங்கலாம் என்று நினைத்தேன். கடைசி எபிசோட் என்று சொல்லி ஒரு நாலு வரி எழுதியும் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் கம்பெனியில் என்னைத் தூரத்தில் இருக்கிற புது பிளாண்ட்டுக்கு மாற்றினார்கள். இதுதான் உனக்குச் சொல்ல வந்த செய்தி. ஸ்கூட்டியில் போகிற தூரமில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நான் கம்பெனி பஸ் ஏறினேன். நீ தினமும் ஏறி இறங்கிய மாதிரி ஒரு பஸ். உன் பஸ்ஸுக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று நான் ஒரு நாளாவது கேட்டதுண்டா?

காலையில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு பேர், மூன்று பேராக ஏறினார்கள். பாதிப் பேருக்குத் தூக்கம். எல்லாரும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஜன்னலில் சாய்ந்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் கேட் வந்தது. கேட்டிலேயே போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொண்டார்கள். என் பழைய இடத்தில் சோதனை மேஜைக்குப் போன் கொண்டுபோகலாம். அதனால் எனக்கு இது புதிதாக இருந்தது. எட்டு மணி நேரம் கழித்துப் பெட்டியைத் திறந்து போனைக் கொடுத்தார்கள். எல்லாரும் ஒன்றாக ஏறினோம். யார் கண்ணிலும் உயிர் இல்லை. முன் சீட்டுப் பெண் ஒருத்தி தன் போனை டிரைவரிடம் நீட்டினாள். அவர் அதை வண்டி ஸ்பீக்கரில் இணைத்தார்.

“சரி, போதும் சண்ட. ஷூவக் கழட்டுங்க. கால நீட்டிக்கோங்க.”

உன் குரல், அக்கா. பஸ் முழுக்க உன் குரல்.

எல்லாரும் குனிந்தார்கள். நாற்பது பேர் ஷூ நாடாவை அவிழ்த்தார்கள். பாதுகாப்பு ஷூ, முன்னால் இரும்பு வைத்தது. அதைக் கழற்றினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் என் காலுக்குத் தெரிந்தது. பழைய எபிசோட் அது. உன் அம்மா தோட்டத்தில் ரோஜாவுக்கு மருந்து அடித்த கதை. நீ பேசாமல் நிறுத்துகிற இடத்தில் எல்லாம் யாரோ ஒருவர் பெருமூச்சு விட்டார். தெலுங்கு வந்தபோது பின்னால் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். கன்னடம் வந்தபோது டிரைவர் சிரித்தார். நான் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து சீட்டில் இருந்தவர் பெயர் சாந்தம்மா. ஐம்பது வயது இருக்கும், கேன்டீன் வேலை. நான் அழுவதைப் பார்த்துவிட்டு, “புதுசா? மொதல் நாளு அப்படித்தான் இருக்கும், பழகிப்போவும்” என்று ஆறுதல் சொன்னார். பிறகு ஸ்பீக்கரைக் காட்டினார்.

“இந்தம்மா செத்துப்போச்சு, தெரியுமா? ரெண்டு ஓரகத்தின்னு போடுவாங்கோ. போறப்ப அவங்கவங்க காதுல சண்டையக் கேட்டுக்குவோம். கம்பெனி கேட்டு வந்துடும், நிறுத்திடுவோம். வர்றப்ப மீதிய ஒரே போன்ல போட்டுட்டு எல்லாரும் கேக்கறது. இந்தம்மா போன பஸ்ல ஆரம்பிச்சது, இப்ப எங்க பஸ்லயும் அப்படித்தான். ஆளாளுக்கு எதுக்கு டேட்டா?”

அந்தக் கோடு! போகும்போது நாற்பது போன், வரும்போது ஒரு போன். அந்த ஒரு ஆளுக்குப் பின்னால் ஒரு பஸ் முழுக்க உட்கார்ந்திருந்திருக்கிறது. ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்திருந்திருக்கிறது. நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசியது கேட் வருகிற நேரத்துக்காக. ஷூவைக் கழட்டு என்றது அவர்களிடம். இதைச் சோதனை மேஜைக்காரி சிவப்புப் பெட்டியில் போட்டாள்.

சாந்தம்மா நிறுத்தவில்லை. “இப்ப அந்தச் சின்னவ மட்டும் தனியாப் பேசறா. கத்திரிக்கோல எடுத்துட்டு ஒக்காந்திருக்கறா போல. போறவங்களுக்கு மட்டுந்தான் போடறா. வர்றவங்க நாங்க என்னா செத்தா போயிட்டோம்? அதான் பழசையே போட்டுப் போட்டுக் கேக்கறோம். என்னா சொல்றீங்க?”

நான் என்ன சொல்வேன்? வாயைத் திறந்தால் என் குரலைக் கண்டுபிடித்துவிடுவார். புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். “பாவம், பல்லு வலியா?” என்றார். அதற்கும் ஆட்டினேன். நீ இருந்திருந்தால் இந்த ஒரு சமாச்சாரத்தை வைத்து மூன்று வாரம் ஓட்டியிருப்பாய்.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். அந்தக் கடைசி வாரம் உன் பஸ்ஸில் என்ன ஆனது என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை திரும்பும்போது நீயே அந்த பஸ்ஸில் இருந்தாய். யாரோ போனை டிரைவரிடம் கொடுத்திருப்பார்கள். ஒன்றும் வந்திருக்காது. எல்லாரும் உன் முகத்தைப் பார்த்திருப்பார்கள். நீ என்ன சொல்லிச் சமாளித்தாய்? அதற்குப் பிறகா எனக்குக் கொள்ளுச் சாறு வைத்துக் கொண்டுவந்தாய்? உன் பஸ்ஸில் வந்தவர்கள் இரண்டு பேர் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். போய்க் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஆனால் ஹேமாவிடம் சொல்லத் துணிந்தேன். போன ஞாயிறு அவள் வந்திருந்தாள். கீழே உன் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஹேமாவின் அப்பா வெளியே போயிருந்தார். நான் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். “ஹேமா, அம்மாவோடது எங்கிட்ட இல்லடா. வேற எங்கிட்டும் இல்ல. நான் அழிச்சுட்டேன். கேக்காமலே அழிச்சுட்டேன். இத்தன நாளா உங்கிட்டப் பொய் சொன்னேன்.”

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. ஒரு வெங்காயம் முழுக்க நறுக்கி முடித்தாள். பிறகு கத்தியைக் கழுவி வைத்தாள்.

“நீங்களும் கேக்கலையா, சித்தி?” என்றாள்.

“இல்ல.”

“கொஞ்சங்கூட?”

“இல்லடா.”

“அன்னிக்கு சாயந்தரம் அம்மா எனக்குப் போன் பண்ணாங்க. உங்க சித்தி கோச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டா, நல்லதாப் போச்சு, அவளப் பத்திப் பேசறதுக்கு வசதியா இருந்துச்சுன்னு சிரிச்சாங்க. ரெண்டாவது பாதி பூரா உங்களப் பத்தித்தான் பேசினாங்களாம்.”

“என்னப் பத்தியா?” என்றேன்.

“என்னா பேசினீங்கன்னு கேட்டேன். வரும்ல, கேட்டுக்கோன்னாங்க. ‘அவ மூஞ்சிக்கு நேரா சொன்னா நம்ப மாட்டா, பஸ்ஸே கேக்கட்டும்’னாங்க. அதுக்குத்தான் சித்தி நான் கேட்டுட்டே இருந்தேன். எனக்காக மட்டுமில்ல.”

உன் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. “பொய் சொன்னதுக்கு எனக்கு இன்னும் கோவம் போகல, சித்தி. அது போனா சொல்றேன்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். உன் மகள்தான், சந்தேகமே இல்லை. சாயங்காலம் பஸ் ஏறும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் போனாள். இந்த வாரம் வரவில்லை. போன் செய்தால் எடுக்கிறாள். சாப்பிட்டேன், படிக்கிறேன் என்று இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுகிறாள். அது அவள் நியாயம். நான் காத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் முதலில் அவளுக்குத்தான் அனுப்பப்போகிறேன்.

என்ன பேசினாய், அக்கா? அரை மணி நேரம் என்னைப் பற்றிப் பேச உனக்கு என்ன இருந்தது? திட்டினாயா? களியை மெல்லுகிறவள் என்று கேலி செய்தாயா? கல்யாணமான புதிதில் அம்மா நினைவு வந்து நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுத கதையைச் சொன்னாயா? மூஞ்சிக்கு நேரே சொன்னால் நம்பமாட்டாள் என்று சொன்னாயாமே, நான் நம்பாதபடிக்கு அது என்ன? பஸ்ஸில் போகும்போது அதையே நினைத்துக்கொண்டு போகிறேன். வரும்போதும் அதையே நினைத்துக்கொண்டு வருகிறேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்லியிருப்பாய் என்று தோன்றுகிறது. எதுவும் நீ சொன்னது ஆகாது.

கடைசி எபிசோட் என்று எழுதிவைத்த நாலு வரியைக் கிழித்துவிட்டேன். நிகழ்ச்சியை மூடப்போவதில்லை. இன்றைக்கு மத்தியானம் மெத்தையைச் சாத்திவிட்டு உட்காரப்போகிறேன். முதல் பாதியில் ஏதாவது சண்டை போடுகிறேன், ஆள் இல்லாவிட்டால் உன் கொழுந்தனையாவது இழுத்து வைத்துக்கொண்டு போடுகிறேன். அரை மணி ஆனதும் அவரை எழுப்பி அனுப்பிவிட்டு, வர்ற பஸ்ஸுக்கு உன்னைப் பற்றிப் பேசுவேன். ஒரு வாரத்தில் முடியாது. நல்லதை மட்டும் சொல்லமாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூச்சு வாங்கினால் வாங்கட்டும், அழுகை வந்தால் வரட்டும், ஒரு வினாடியையும் வெட்டமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நீயாவது பாதியில் எழுந்து போகாமல் கேள், அக்கா.

உன் வீட்டுக்கு உனக்குப் பின்னால் வாழ வந்தவள்,
உன் ஓரகத்தி,
ராஜி